மிச்சம் இருந்த சிரப்பும் மாமியார் சொன்ன கூழும்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நாலு வயதுப் பையனுக்குச் சளி, காய்ச்சல். ரெண்டு மாசத்துக்கு முன்னால் காது வலிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தது, அதையே மூணு நாள் கொடுத்தேன். நேற்றிலிருந்து நாலைந்து தடவை தண்ணியாகப் போகிறான். மாமியார் ராகிக் கூழ் கொடு, சரியாகிவிடும் என்கிறார். மருந்துக்கடையில், குடலுக்கு நல்லது செய்கிற உயிருள்ள கிருமி என்று ப்ரோபயாடிக் பாக்கெட் தருகிறார்கள். எதைக் கொடுக்கட்டும்?"

ரெண்டும் அப்புறம். முதலில் ஓ.ஆர்.எஸ்., அதாவது பேதியில் போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டுகிற உப்பு-சர்க்கரைப் பொடி. ஒரு லிட்டருக்கான பாக்கெட் ஒன்றை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள், அரை டம்ளரில் கொஞ்சம் பொடி போடுகிற வேலை வேண்டாம், உப்பின் அளவு கெட்டுவிடும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. டெட்ரா பாக்கெட் ஜூஸ் இதற்கு மாற்று இல்லை, அந்தச் சர்க்கரை பேதியை இழுத்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸும் துத்தநாக மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கும், இந்த வயதுக்குத் துத்தநாகம் 14 நாள் கொடுப்பார்கள். மலத்தில் ரத்தம், கண் குழிந்து போவது, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாதது, துவண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இனி அந்தச் சிரப். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் இப்படி ஒரு பாட்டில் இருந்ததுதான். வாங்கும்போது பொடியாக இருந்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கியிருப்பீர்கள் இல்லையா? கரைத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதன் ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் ரெண்டு வாரம். அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக்கோடு துணையாகச் சேர்க்கிற கிளாவுலனேட் தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். அது புத்தம் புதிதாக இருந்தாலும் சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடவே தொடாது, அது கொல்வது பாக்டீரியாவை, அதிலும் குடலில் சும்மா நல்ல வேலை பார்த்துக்கொண்டிருந்தவற்றையும் சேர்த்து. பேதிக்குக் காரணம் அந்தச் சிரப்பாக இருக்கலாம், அதே வைரஸாகவும் இருக்கலாம், டாக்டரிடம் போனால் மறைக்காமல் சிரப் கதையைச் சொல்லிவிடுங்கள். குறைந்த வீரியத்தில் மருந்து கொடுத்தால் தப்பிப் பிழைக்கிற கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார்.

மாமியார் பக்கம் வருவோம். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நம்ம ஊர்க் கூழ் ரெண்டு தடவை புளிக்கிறது. ராகி மாவை ராத்திரி கரைத்து வைக்கிறோம், மறுநாள் நொய்யோடு காய்ச்சுகிறோம், அந்தச் சூட்டில் முதல் தடவை வளர்ந்த பாக்டீரியா போய்விடும். ஆறிய கூழைப் பானையிலேயே இன்னொரு ராத்திரி விடும்போது வருகிற புளிப்பு, உயிரோடு இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாவின் (தயிரைப் புளிக்க வைக்கிற வகை) வேலை. இட்லி மாவைப் பொங்க வைக்கிற லியூகோனாஸ்டாக் என்கிற பாக்டீரியாக் கூட்டமும் அதே ஜாதிதான், ஆனால் ஆவியில் வெந்ததும் அது செத்துவிடும், அதனால் இட்லி லேசாகச் செரிக்கும், ப்ரோபயாடிக் ஆகாது. கூழ் புளிப்பது, ராகியில் இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கிற ஃபைட்டேட் என்ற பொருளைக் குறைத்து, அந்தச் சத்து உடம்பில் சேரவும் உதவுகிறது. ஆனால் கூழில் எந்த பாக்டீரியா எத்தனை என்று யாரும் எண்ணித் தருவதில்லை, எனவே அதை மருந்தாக நினைக்காமல் சாப்பாடாகக் கொடுங்கள். கவனிக்க வேண்டியது பானையை விடக் கரைக்கிற கையையும் அப்புறம் ஊற்றுகிற தண்ணீரையும்தான், குழந்தைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர், காய்ச்சின பாலில் உறைந்த தயிரைக் கடைந்த மோர். மேலே பூசணம் படிந்தாலோ புளிப்பு இல்லாமல் கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள், கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

மருந்துக்கடை ப்ரோபயாடிக் பாக்கெட்டுகளில் ஒன்றிரண்டு வகைக்கு நல்ல ஆதாரம் உண்டு. சாக்கரோமைசிஸ் பௌலார்டி ஒரு ஈஸ்ட், பாக்டீரியா இல்லை, அதனால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. ஆனால் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பேதியைத் தடுப்பதில் பலன் தெரியும். இப்போது வேண்டுமா என்பதைப் பையனைப் பார்க்கிற டாக்டர் சொல்லட்டும்.

பையன் கூழைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் விட்டுவிடுங்கள், வீட்டுத் தயிரில் பிசைந்த குழைந்த சாதம் போதும்.