திருட்டை எண்ணுகிற படிப்புக்கு என்ன வேலை?

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மகள் மூன்று வருஷமாக வீடு புகுந்து திருடுவதைப் பற்றி பிஎச்டி செய்கிறாள், போலீஸிலும் சேரப்போவதில்லை, அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். அவள் உண்மையில் என்ன பழகுகிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடந்த திருட்டு வேறு, பதிவான திருட்டு வேறு. கார் போனால் காப்பீட்டுப் பணத்துக்காகவாவது புகார் கொடுப்பார்கள். சைக்கிள் போனால் பலர் விட்டுவிடுவார்கள். அதனால் எண்ணிக்கை ஏறினால், கூடியது திருட்டா புகாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்காகவே அமெரிக்காவில் 1970-களிலும் பிரிட்டனில் 1982-லும் மக்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் கணக்கெடுப்பு தொடங்கியது.

அப்புறம், பெரும்பாலான தெருக்களில் பூஜ்யம், சில தெருக்களில் குவியல். ஒரு வீட்டில் திருடு போனால், கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஆபத்து கூடும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஒரு சம்பவம் இன்னொன்றைப் பாதிக்காது என்று வைத்துக்கொள்ளும் பாய்சான் என்கிற புள்ளியியல் மாடல் இங்கே பொருந்தாது. இப்படிக் குவிந்து கிடக்கும் எண்ணிக்கைக்கான நெகட்டிவ் பைனாமியல், அக்கம்பக்கத்தையும் கணக்கில் எடுக்கும் இடம்சார் மாடல் என்று அவள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

காப்பீட்டில் க்ளெய்ம் எண்ணிக்கையும் இதே மாதிரிதான்: பலருக்குப் பூஜ்யம், சிலருக்குத் திரும்பத் திரும்ப. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில், பிடிபட்டது மட்டுமே தரவில் இருக்கும். பொது சுகாதாரத்தில், மருத்துவமனைக்கு வராத நோயாளி கணக்கில் வரமாட்டார். இந்த மூன்று இடங்களிலும் அவள் விண்ணப்பிக்கலாம், தயங்க வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. காவல்துறைத் தரவு பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பேரில் கிடைப்பது, வெளியில் காட்ட முடியாது. ஆகவே ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தையாவது, யாரும் எடுக்கக்கூடிய பொதுத் தரவில் மறுபடி செய்து, ஆர் அல்லது பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதிய நிரலோடு வைத்திருக்கட்டும். வேலை கொடுப்பவர் திறந்து பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

நேர்முகத் தேர்வில் "திருட்டு பற்றி ஆய்வு" என்று தொடங்க வேண்டாம். பதிவில் விடுபட்டதை எப்படிக் கணக்கில் கொண்டுவந்தாள் என்று தொடங்கட்டும். அதற்கு நீங்களே உதவலாம். "உன் தரவில் எது விடுபட்டிருக்கிறது?" என்று இந்த வாரம் கேளுங்கள். விளக்க அரை மணி நேரம் ஆனால், உங்களுக்குப் புரியும்படி ஐந்து நிமிடத்தில் சொல்லும்வரை உங்களிடமே பழகட்டும்.