ஐஸ் உருகுமா, கரையுமா?

மொரீஷியஸின் கியூர்பிப்பிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "மகனுக்கு ஆறு வயது. ஐஸ் தண்ணீரானதைக் காட்டித் திண்மம், திரவம் சொல்லிக்கொடுத்தேன். தேநீரில் போட்ட சர்க்கரையும் காணாமல் போனதே, அதுவும் திரவமாகிவிட்டதா என்கிறான். எப்படிப் புரியவைப்பது?"

அவன் கேட்டது மிக நல்ல கேள்வி. குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்றுதான் நாமும் சொல்கிறோம். பள்ளியில் அவன் படிக்கும் பிரெஞ்சிலும் ஃபோந்த்ர் என்ற ஒரே சொல் ஐசுக்கும் சர்க்கரைக்கும் வரும். தமிழில் அதற்கு இரண்டு சொற்கள் உண்டு: ஐஸ் உருகும், சர்க்கரை கரையும். வரையறைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த வேறுபாட்டை முதலில் அவன் கையில் கொடுங்கள்.

உலர்ந்த இரண்டு டம்ளர்கள் எடுங்கள். ஒன்றில் ஐஸ்கட்டி, மற்றதில் ஒரு கரண்டி உப்பு. என்ன ஆகும் என்று முதலில் அவனைச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஐஸ் தண்ணீராகிவிடும், உப்பு அப்படியே கிடக்கும். உங்கள் ஊர் ஈரக்காற்றில் உப்பு கொஞ்சம் கசியக்கூடும், அதனால் டம்ளரை மூடிவையுங்கள். "உப்பு ஏன் மாறவில்லை?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். உருகச் சூடு போதும், கரைய இன்னொரு திரவம் வேண்டும். இதை அவனே கண்டுபிடித்தால் மறக்கவே மாட்டான்.

அப்புறம் உப்பில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு சொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு நாக்குக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை நீங்களே அடுப்பில் வற்றவிடுங்கள். கடைசியில் தெறிக்கும், தீயைக் குறைத்துப் பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். சட்டியில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருக்கும். சர்க்கரையாக இருந்தால் பாகாகித் தீய்ந்துவிடும், அதனால்தான் உப்பு. உருகிய ஐஸ் திரும்பக் கட்டியாகவோ ஃப்ரீசர் போதும்.

கியூர்பிப்பில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், ஜூலை, ஆகஸ்ட் காலையில் நன்றாகக் குளிரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். விடியற்காலையில் வெள்ளையாக இறுகிய பாட்டிலை அவன் உள்ளங்கைகளுக்குள் பிடித்திருக்கட்டும். உடல் சூட்டிலேயே ஓரத்தில் தெளிந்து வரும். தண்ணீர் துளியும் சேர்க்கவில்லை, எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது. உருகுதலைக் காட்ட இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. அடுப்பும் வேண்டாம், ஆபத்தும் இல்லை. கோடையில் கடற்கரையில் இருக்கும் போர்ட் லூயிஸுக்குப் போகும்போது கடை அலமாரியில் அதே எண்ணெய் எப்படி இருக்கிறது என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து அவன், "சர்க்கரையை ஊற்ற முடிகிறதே, அது திரவமா?" என்று கேட்பான். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். தட்டில் கொட்டுங்கள்: சர்க்கரை குவியலாக நிற்கும், தண்ணீர் பரவிவிடும். பூதக்கண்ணாடியில் ஒரு மணியைப் பார்த்தால் அது தன் வடிவத்திலேயே இருக்கும்.

வாயுவுக்கு இப்போதைக்கு ஒன்று போதும். டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, கவிழ்த்து, வாளித் தண்ணீரில் நேராக அமுக்குங்கள். காகிதம் நனையாது. உள்ளே காற்று இருக்கிறது.

பூஜை அறைக் கற்பூரம் ஈரமே இல்லாமல் நேராக வாயுவாகிச் சுருங்குவதைக் காட்ட ஆசையாக இருக்கும். ஆறு வயதில் வேண்டாம். கற்கண்டு போலத் தெரியும், கொஞ்சம் விழுங்கினாலும் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். அதை எப்போதும் எட்டாத உயரத்திலேயே வைத்திருங்கள்.