பாண்டில் 30,000 இருக்கிறது என்று காத்திருக்கிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: வாஷிங்டன் மாநிலம் போத்தெலில் இருக்கிறோம். 2023 ஆகஸ்டில் கிச்சனையும் ஒரு பாத்ரூமையும் புதுப்பிக்க 58,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டோம். காண்ட்ராக்டர் தமிழர், வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் சொல்லி வந்தவர். தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று 41,000 வாங்கிக்கொண்டார். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய நாளோடு ஆட்கள் வருவது நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் ஒருநாள் வந்து மிச்சமிருந்த கருவிகளை எடுத்துக்கொண்டு போனார். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா நான்கு மாதம் கராஜில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைத்தார். காண்ட்ராக்டர்களைப் பதிவு செய்யும் மாநிலத் தொழிலாளர் துறையான எல் அண்ட் ஐ அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டோம். அவர்களுடைய இணையப் பக்கத்தில் இவருக்கு 30,000 டாலர் பாண்ட் (காண்ட்ராக்டர் ஒரு ஷூரிட்டி கம்பெனியிடம் எடுத்து வைக்கும் ஜாமீன் பத்திரம்) இருப்பதாகக் காட்டுகிறது. அதை எப்படி வாங்குவது? இப்போது 9,000 தருகிறேன், மாதம் 750 வீதம் என்கிறார். 41,000 ஏமாற்றியவரிடம் பேரம் பேசுவதா? பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்று எழுதலாமா?

பதில்: அம்மா கராஜில் சமைத்ததையும், நம்ம ஆள் என்று நம்பியதையும், அவர் போனை எடுக்காமல் விட்டதையும் முழுக்கப் படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோர்ட்டில் இவற்றுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது, ஆகவே ஓரமாக வைத்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமான வரி ஒன்றே ஒன்றுதான்: தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய நாளோடு ஆட்கள் வருவது நின்றுபோனது. அது 2023 நவம்பர் 22.

வாஷிங்டன் மாநிலச் சட்டத் தொகுப்பான ஆர்.சி.டபிள்யூ-வில் 18.27.040 பிரிவு என்ன சொல்கிறதென்றால், குடியிருக்கும் வீட்டுக்காரர் காண்ட்ராக்டரின் பாண்ட் மீது வழக்குப் போட இரண்டு வருடம்தான். அந்த இரண்டு வருடம் வேலை பெரும்பாலும் முடிந்த நாளிலிருந்து அல்லது கைவிடப்பட்ட நாளிலிருந்து, இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து ஓடும். பிப்ரவரியில் அவர் கருவிகளை எடுத்துக்கொண்டு போனாரே, அதிலிருந்துதானே கணக்கு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பாண்ட் கொடுத்த ஷூரிட்டி கம்பெனியின் வக்கீல் அப்படி நினைக்க மாட்டார். நீங்கள் அனுப்பிய போட்டோவையே எடுத்து மேசையில் வைப்பார்: ஷவர் சுவரில் டைல் இடுப்பு உயரம் வரை ஒட்டியிருக்கிறது, அதற்கு மேல் வெறும் சிமெண்ட் போர்டு, தரையில் காய்ந்துபோன மார்ட்டர் வாளி, ஓரத்தில் நவம்பர் 22 என்று தேதி. அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஒரு டைல்கூட ஏறவில்லை. கைவிட்ட நாள் அதுதான் என்று அவர் சொன்னால், அதை மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

2025 நவம்பர் 22 சனிக்கிழமை. அதற்குள் கோர்ட்டில் தாக்கலாகியிருக்க வேண்டும். நாம் 2025 செப்டம்பரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தேதி விஷயத்தில் விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கெண்ட் பக்கமிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது, ஆனால் மோசமான வேலை, தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காண்ட்ராக்டர் நல்ல மனிதர் போலப் பேசி, இதோ வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று இழுத்து, கடைசியில் ஒரு ஆளை அனுப்பி கேபினெட் கீல் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்காரர் அந்தக் கீல் மாற்றிய நாளிலிருந்து இரண்டு வருடம் என்று எண்ணிக்கொண்டு என்னிடம் வந்தார். சிட்டியின் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் அதற்கு ஏழு மாதம் முன்பே முடிந்திருந்தது. கணக்கு அங்கிருந்தே ஓடியதால் பாண்ட் போய்விட்டது. காண்ட்ராக்டர் மேல் தீர்ப்பு வாங்கினோம், அவருடைய எல்.எல்.சி. கம்பெனியின் பெயரில் ஒரு பழைய வேனைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்காரர் ஒரு நாளும் அலட்சியமாக இருந்ததில்லை, வாரம் ஒரு இமெயில் போட்டார், எல்லாவற்றையும் ஃபைல் போட்டு வைத்திருந்தார். தேதி மட்டும் தப்பு.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட இங்கே 6 வருடம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சரிதான், அது காண்ட்ராக்டர் மேல் போட. பாண்டுக்கு 2 வருடம்தான். ஆறு வருடம் இருக்கிறதே என்று நிதானமாக இருப்பவர்கள் கடைசியில் காலிப் பாக்கெட் மேல்தான் வழக்குப் போடுகிறார்கள்.

எல் அண்ட் ஐ-யில் கொடுத்த புகார் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. அவர்கள் பதிவை, பாண்டை, இன்ஷூரன்ஸைப் பார்ப்பார்கள், விதி மீறியிருந்தால் அபராதம் போடுவார்கள், உங்கள் பணத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. செட்டில்மெண்ட் பேச்சும் நிறுத்தாது. "பேசிக்கொண்டிருக்கும்வரை காலக்கெடுவைக் காரணம் காட்ட மாட்டேன்" என்று காண்ட்ராக்டர் இமெயிலில் எழுதிக் கொடுத்தாலும், அது ஷூரிட்டி கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். மாதம் 750 என்றால் 12 மாதம். இப்போது ஆரம்பித்தால் நான்காவது தவணை வருவதற்குள் பாண்டுக்கான நாள் கடந்திருக்கும். அந்தத் தவணை வராவிட்டால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? அவர் இதைத் தெரிந்தே சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று எனக்குக் கவலை இல்லை. விளைவு ஒன்றுதான்.

சரி, 30,000 விஷயத்துக்கு வருவோம். பொது காண்ட்ராக்டருக்கு 30,000, ஒரே ஒரு வகை வேலை செய்யும் ஸ்பெஷாலிட்டி காண்ட்ராக்டருக்கு 15,000 என்ற தொகை 2024 ஜூலை 1-இல்தான் வந்தது. அதற்கு முன்பு 12,000, 6,000. உங்கள் வேலை நடந்தது 2023-இல். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அப்போது நடப்பில் இருந்த பாண்ட், இன்று பக்கத்தில் தெரிவது இல்லை. அந்தப் பக்கத்தில் பாண்ட் எண்ணும், எந்த நாளிலிருந்து என்பதும் போட்டிருப்பார்கள், தொகையை மட்டும் பார்க்காமல் அதைப் பாருங்கள். ஆக, நீங்கள் மனதில் வைத்திருக்கும் 30,000 இப்போதே 12,000 ஆகிவிட்டது.

அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, பாண்ட் மீது போடப்பட்ட வழக்குகள் என்று ஒரு பகுதி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அங்கே வரை போவதே இல்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு வழக்கு தெரிகிறது: ஒன்று டைல் கடைக்காரர், இன்னொன்று வேறொரு வீட்டுக்காரர். பாண்ட் என்பது உங்களுக்காக எடுத்த இன்ஷூரன்ஸ் கிடையாது. ஒரே பானை, அதில் சம்பளம் வாங்காத கூலியாள், ஒப்பந்தம் போட்டு ஏமாந்த வீட்டுக்காரர், பொருள் கொடுத்த கடைக்காரர், மாநிலத்துக்கு வரவேண்டிய வரி என்று எல்லோரும் கையை விட்டு எடுப்பார்கள். வழக்குகள் ஒரே சமயத்தில் நிலுவையில் இருந்தால் யார் முதலில் என்று சட்டம் வரிசை போட்டிருக்கிறது, நான் இப்போது சொன்னதே அந்த வரிசை. வீட்டுக்காரர் அல்லாதவர்களுக்கு பொது காண்ட்ராக்டரின் பாண்டில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்றும் இருக்கிறது, ஆகவே டைல் கடை 6,000-க்கு மேல் எடுக்க முடியாது. ஆனால் அந்த இன்னொரு வீட்டுக்காரர் உங்கள் வரிசையிலேயே நிற்கிறார், உங்களுக்கு முன்பே. அந்த இரண்டு வழக்கும் பழைய பாண்ட் மேலா, புதியதன் மேலா என்று எண்ணை வைத்துச் சரிபாருங்கள். பழையது என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 12,000-க்கும் நன்றாகக் கீழே.

இப்போது நீங்கள் கேட்கும் தொகை. 41,000-ஐயும் திருப்பிக் கொடு என்கிறீர்கள். அது கிடைக்காது. கோர்ட் கேட்பது இது: வேலையைச் சரிசெய்து முடிக்க நியாயமாக எவ்வளவு ஆகும், அதில் நீங்கள் இன்னும் கொடுக்காத பாக்கி எவ்வளவு? இரண்டாவது காண்ட்ராக்டர் ஷவர் டைலைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, கிச்சனையும் முடிக்க 31,500 கேட்டிருக்கிறார். நீங்கள் முதல் ஆளுக்குக் கொடுக்காத பாக்கி 17,000. கழித்தால் 14,500. உங்கள் வழக்கின் அளவு அதுதான். இந்தக் கணக்கைப் பார்த்தால் எல்லோருக்கும் முகம் சுருங்கும், எனக்குத் தெரியும், ஆனால் இதைப் பார்க்காமல் பேச்சுவார்த்தைக்கு உட்காரக்கூடாது.

அப்புறம் வக்கீல் செலவு. வீட்டுக்காரர் சம்பந்தப்பட்ட ஒப்பந்த மீறலுக்காக இந்தச் சட்டத்தின்படி காண்ட்ராக்டர் மேலும் பாண்ட் மேலும் வழக்குப் போட்டால், ஜெயிப்பவருக்குத் தோற்றவர் வக்கீல் கட்டணம் தரவேண்டும். எல்லோரும் இதைப் படித்து சந்தோஷப்படுவார்கள். இது இரண்டு பக்கமும் வெட்டும். காண்ட்ராக்டர் 17,000 பாக்கிக்கு எதிர்வழக்குப் போடுவார், நீங்கள் ஆட்களை உள்ளே விடவில்லை, கவுண்டர்டாப்பை இரண்டு தடவை மாற்றினீர்கள் என்பார். அதில் பாதி நிரூபணமானாலும் ஜெயித்தவர் யார் என்பதே சண்டையாகிவிடும். நீங்கள் ஜெயித்தாலும், அந்தக் கட்டணமும் வட்டியும் பாண்டின் தொகைக்கு மேல் ஷூரிட்டியிடம் வராது, வரிசையிலும் அது கடைசி. மீதியை அந்த எல்.எல்.சி.யிடம்தான் வசூலிக்க வேண்டும். இதை நான் என் கட்சிக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், சிலர் எழுந்து போய்விடுவார்கள்.

அதனால் நேராகச் சொல்கிறேன், செட்டில் செய்யுங்கள். 9,000 மோசமான தொகை இல்லை. தவணைதான் மோசம். மொத்தமாக, வங்கியே உத்தரவாதம் தரும் கேஷியர்ஸ் செக்காக, தீபாவளிக்கு முன் கொடுத்தால் 9,000-க்கு ஒத்துக்கொள்ளுங்கள் என்பேன். 8,000-க்கு இறங்கினாலும் மொத்தமாக என்றால் யோசிப்பேன். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அன்றைக்குள் பணம் கையில் வராவிட்டால் அந்த வாரமே வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள், பேச்சு பக்கத்தில் நடக்கட்டும். வழக்குப் போட்டால் அவர் கோபித்துக்கொண்டு ஒன்றும் தரமாட்டார் என்று பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் ஷூரிட்டி கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போன பிறகுதான் பேச்சே உண்மையாக ஆரம்பிக்கும், ஏனென்றால் பாண்டிலிருந்து போகும் பணத்தைக் கம்பெனி அவரிடமே திருப்பிக் கேட்கும், பாண்ட் இல்லாவிட்டால் அவர் பதிவும் நிறுத்தப்படும், அப்புறம் அவருக்கு வேலையே இல்லை.

தாக்கல் சுப்பீரியர் கோர்ட்டில்தான். சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெயிம்ஸ் கோர்ட்டில் போட்டுவிட்டுப் பாண்டைத் தேடி வருகிறவர்கள் உண்டு, அங்கே பாண்ட் கிடைக்காது. போத்தெல் ஊர் இரண்டு கவுண்டியில் கிடக்கிறது, உங்கள் வீடு கிங் பக்கமா ஸ்னோஹோமிஷ் பக்கமா என்று சொத்துவரி ரசீதைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சம்மனை அவர் வீட்டு வாசலில் கொடுப்பதற்காக அலைய வேண்டாம், பாண்ட் வழக்கில் சார்வு செய்வது, அதாவது சம்மனைச் சட்டப்படி சேர்ப்பது, எல் அண்ட் ஐ மூலமாகத்தான்: மூன்று பிரதி, கட்டணம், பதிவுத் தபால். மூன்று பிரதியில் ஒன்று குறைந்தாலும் கட்டணம் விட்டுப்போனாலும் சார்வு முடிந்ததாகக் கணக்கில்லை.

பெயரையும் பாருங்கள். உங்கள் எஸ்டிமேட்டில் ஒரு பெயர், செக்கில் அவருடைய சொந்தப் பெயர், எல் அண்ட் ஐ பதிவில் ஒரு எல்.எல்.சி. பாண்ட் அந்த எல்.எல்.சி.க்கு. நாங்கள் அந்த எல்.எல்.சி.யோடுதான் ஒப்பந்தம் போட்டோம் என்று காட்ட ஒப்பந்தத்தில் பதிவு எண் இருக்கிறதா, 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் வீட்டு வேலைக்குத் தரவேண்டிய அறிவிப்புத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்று தேடுங்கள். அந்தத் தாளிலேயே பாண்ட் தொகையும் எழுதியிருக்கும், 30,000 குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும். வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மேல் பதியும் உரிமை) போடுவேன் என்று மிரட்டினார் என்கிறீர்கள், கடைசி வேலையிலிருந்து 90 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும், அது எப்போதோ போய்விட்டது, விடுங்கள்.

போலீஸுக்குப் போவேன் என்று எழுதவே எழுதாதீர்கள். புகார் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள், அது உங்கள் உரிமை. பணம் தராவிட்டால் கொடுப்பேன் என்று சேர்த்து எழுதினால் மிரட்டிப் பணம் கேட்டதாக உங்கள் மேலேயே திரும்பும். அவருடைய விசாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம்.

கையெழுத்துப் போடும் தாள் கடைசி ஆபத்து. ஷூரிட்டி கம்பெனி பணம் தரும்போது காண்ட்ராக்டரையும் சேர்த்து முழுமையாக விடுவித்ததாக எழுதி வாங்கப் பார்க்கும். 6,000-க்கு அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிக்குத் தங்கள் காண்ட்ராக்டரிடம் போகலாம் என்று நினைத்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும், போக முடியவில்லை. மொத்தக் கணக்கும் தீர்ந்தது என்றால் மட்டும் அப்படிப் போடுங்கள். உங்கள் காண்ட்ராக்டரோடு ஒத்துக்கொள்வதானாலும் வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில், இரண்டு பேர் கையெழுத்தோடு, அவருடைய 17,000 பாக்கிக் கோரிக்கையும் இதோடு தீர்ந்தது என்ற வரியோடு. வழக்குத் தாக்கலாகியிருந்தால், செக் வங்கியில் பாஸான பிறகுதான் வாபஸ் பத்திரம் கோர்ட்டுக்குப் போகவேண்டும்.

ஒப்பந்தம், செக் நகல்கள், அந்த நவம்பர் 22 போட்டோ, இரண்டாவது காண்ட்ராக்டரின் எஸ்டிமேட், இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். நீங்கள் அவருக்கு எழுதிய நாற்பது இமெயிலையும் பிரிண்ட் எடுக்க வேண்டியதில்லை.