சேலத்தில் பழைய 45 சுற்று இசைத்தட்டுகள் வாங்குவோருக்கு: கேள்வி பதில்

பழைய பொருள் கடைகளிலும் இசைத்தட்டுச் சந்தைகளிலும் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ஏழு அங்குலத் தட்டுகளைத் தேடி வாங்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டை வாசகர்: ஐயா, பெரும்பாலான கடைகளில் தட்டைப் போட்டுக் கேட்க வசதி இல்லை. கண்ணால் பார்த்தே தரத்தைச் சொல்ல முடியுமா?

பெருமளவுக்கு முடியும். ஆனால் கடைக்குள் இருக்கும் டியூப்லைட்டை நம்ப வேண்டாம். அந்தப் பரவலான வெளிச்சத்தில் கீறல்கள் மறைந்துவிடும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தட்டை வாசலுக்கு எடுத்து வந்து, விளிம்பையும் நடுவிலுள்ள லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, வெயில் ஒரு பக்கத்திலிருந்து சரிந்து விழும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அதிகம் ஓடாத தட்டு, எண்ணெய்க் காப்பிட்ட கருஞ்சிலைபோல் மின்னும். தேய்ந்த தட்டிலோ, குறிப்பாகப் பாடல் உச்சத்துக்குப் போகும் இடங்களில், வரிகள், அதாவது முள் ஓடும் நுண்ணிய பள்ளங்கள், சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருக்கும்.

லேபிளை ஒட்டிய உள்வரிகளை முதலில் பாருங்கள். தட்டு நிமிடத்துக்கு 45 முறை சுற்றினாலும், உள்ளே போகப்போக ஒரு சுற்றின் நீளம் குறைவதால், அதே ஒலி நெருக்கமான இடத்தில் பதிந்திருக்கிறது. தேய்மானம் காதுக்கு முதலில் தெரிவது அங்கேதான். நான்கு பாடல்கள் கொண்ட இ.பி. தட்டில் ஒவ்வொரு பக்கத்தின் இரண்டாவது பாடலும் கரகரப்பின்றி இருந்தால், முதல் பாடலைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கீறல்களில், நகத்தால் தடவினால் தட்டுப்படாதவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வரிகளுக்குக் குறுக்கே விழுந்த ஆழமான கீறல் சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்று ஒலிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வரிகளின் போக்கிலேயே சாய்ந்து ஓடும் கீறல்தான் முள்ளை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். அத்தகைய தட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

ஓமலூர் வாசகர்: மூடிவிட்ட ஒரு மைக் செட் கடையிலிருந்து பெட்டி நிறைய தட்டுகள் வந்திருக்கின்றன. மொத்தமாக எடுக்கலாமா?

நம் மாவட்டத்தில் சேகரிப்பவர்களுக்கு அடிக்கடி வாய்க்கும் புதையலும் இதுதான், ஏமாற்றமும் இதுதான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆடி மாத மாரியம்மன் பண்டிகைக்கும் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய அந்தக் கடைக்காரர்கள், முள்ளைத் தாங்கும் கனமான பிக்அப் கையில் தேய்ந்த முள்ளை மாற்றாமலே ஓட்டியிருப்பார்கள். ஆகவே மொத்த விலை பேசும் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். காலையில் நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்த பக்திப் பாடல் தட்டுகள் பெரும்பாலும் முற்றிலும் தேய்ந்திருக்கும். ஊரே விரும்பிக் கேட்ட திரைப்பாடல் இருக்கும் பக்கமும் அப்படியே. ஆனால் தட்டைத் திருப்பிப் பாருங்கள். யாரும் கேட்காத மறுபக்கம் நேற்று வாங்கியதுபோல் இருக்கும். ஓடாத படங்களின் தட்டுகள் இரு பக்கமும் பளபளப்பாக இருக்கும். எனது சேகரிப்பில் மிக நன்றாக ஒலிக்கும் தட்டுகளில் பாதி, இப்படி ஊர் ஒதுக்கி வைத்தவைதான்.

லேபிளில் ஊதா மையில் குத்திய ‘சவுண்ட் சர்வீஸ்’ முத்திரையையோ, பேனாவால் எழுதிய வரிசை எண்ணையோ தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தத் தட்டு எந்தத் தெருவில் பாடியது என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று அது.

அஸ்தம்பட்டி வாசகர்: சேலத்துக்காரன் என்ற முறையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் தட்டுகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நல்ல எண்ணம். ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கும் அந்தத் தட்டுகள்தான் நினைவுக்கு வரும். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய படத் தயாரிப்பு நிறுவனம் அது. தொடக்க காலப் படங்களின் பாடல்கள், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் முந்தைய வகைத் தட்டுகளாக வந்தவை. 45 சுற்றுத் தட்டு அமெரிக்காவிலேயே 1949-இல்தான் அறிமுகமானது. எனவே 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’யின் ஜி. ராமநாதன் பாடல்களை ஒரு சிறு தட்டில் கண்டால், அது பிற்காலத்தில் மீண்டும் வெளியிட்ட பதிப்பு என்று கொள்ளுங்கள். கேட்பதற்கு அது குறைவில்லை. ‘முதல் பதிப்பு’ என்று சொல்லிக் கேட்கும் விலையை மட்டும் கொடுக்க வேண்டாம்.

சிறு தட்டுகளை மட்டும் சேர்ப்பதென்றால் 1960-களில் தொடங்குவதே பொருத்தம். கே.வி. மகாதேவன் இசையமைத்த ‘குமுதம்’ 1961-இல் வந்தது. வேதாவின் இசையில் ‘வல்லவனுக்கு வல்லவன்’ 1965-இலும், ‘இரு வல்லவர்கள்’ 1966-இலும் வந்தன. வேதா பல மெட்டுகளை இந்திப் பாடல்களிலிருந்து எடுத்தார் என்று சிலர் அவரைக் குறைத்துப் பேசுவார்கள். அதே மெட்டின் இந்தித் தட்டையும் தமிழ்த் தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். தாளமும் கிட்டாரும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைக் கேட்ட பிறகு, அந்தக் குறையை நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்: எஸ்டேட் பங்களாவில் கிடைத்த ஆங்கிலத் தட்டுகள் சிலவற்றுக்கு நடுத்துளை பெரிதாக இருக்கிறது. எல்லாவற்றிலும் வெண்புள்ளிகளும் உள்ளன.

பெரிய துளை அமெரிக்க வழக்கம். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியிலும் அதுதான் பயன்பட்டது. நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் வட்டு ஒன்று வாங்கினால் போதும். வெண்புள்ளிகள் பூஞ்சணம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலப் பனிமூட்டத்தில், காகித உறை ஈரத்தை உறிஞ்சித் தட்டுக்குக் கொடுக்கிறது. பழைய உள் உறைகளை நீக்கிப் புதியவற்றைப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அலமாரியில் நிறுத்தி வையுங்கள். கீழே கொண்டுவரும்போது இன்னொரு எச்சரிக்கை: இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து, சேலத்து மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் தட்டுகளை விட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அவை அப்பளம்போல் நெளிந்திருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை, தாரமங்கலம் வாசகர்கள்: தட்டைக் கழுவலாமா?

கழுவலாம், போர் தண்ணீரில் மட்டும் வேண்டாம். அந்த உப்பு வரிகளுக்குள் காய்ந்து படிந்துவிடும். தொடக்கத்தில் எனது பத்துப் பன்னிரண்டு தட்டுகள் அப்படித்தான் வெள்ளை படிந்து போயின. வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஓரிரு சொட்டு விட்டு, மென்மையான துணியால் வரிகளின் போக்கில் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசி, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். லேபிள் நனையக் கூடாது. 78 சுற்றுத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும்.

ஆத்தூர் வாசகி: அம்மாவின் திருமணத்தில் ஒலித்த தட்டு, அவர் கையெழுத்தோடு இருக்கிறது. ஒரே இடத்தில் முள் தாவுகிறது. இனி அவ்வளவுதானா?

இல்லை, அம்மா. தாவுகிற தட்டெல்லாம் கீறல் விழுந்த தட்டு அல்ல. முள் எந்த இடத்தில் தாவுகிறதோ, அந்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கல்யாண வீட்டுத் தட்டு ஒன்றில் அப்படிப் பார்த்தபோது, இரண்டு வரிகளை அடைத்துக்கொண்டு கடுகில் பாதி அளவில் காய்ந்த சந்தனத் துளி இருந்தது. நனைத்த பஞ்சை அதன் மேல் கால் மணி நேரம் வைத்து, ஊறிய பிறகு மரப் பல்குச்சியின் நுனியால் வரியின் போக்கிலேயே, சிறிதும் அழுத்தாமல் நீவினேன். மூன்றாவது முறை அது முழுவதும் வந்துவிட்டது. பல்லவி தாவாமல் ஓடியது. உங்கள் தட்டிலும் முதலில் அதைத் தேடுங்கள். கீறல்தான் என்று உறுதியானால், இன்னொரு பிரதியைக் கேட்பதற்கு வாங்கிக்கொண்டு, அம்மாவின் தட்டை அவர் எழுதியபடியே வைத்திருங்கள்.