காப்புரிமையா, பதிப்புரிமையா? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: பாட்டைத் திருடினாலும் ‘காப்புரிமை வழக்கு’, மருந்துக் கம்பெனிச் சண்டைக்கும் ‘காப்புரிமை வழக்கு’ என்று செய்தி வருகிறது. எது சரி?

பதில்: மருந்துக்குத்தான் காப்புரிமை, அதாவது பேட்டன்ட். பாட்டுக்கும் கதைக்கும் பதிப்புரிமை, காப்பிரைட். இரண்டையும் கலந்தால் நஷ்டம் நமக்குத்தான். கதையை எழுதியதுமே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. இந்தியாவில் அது ஆசிரியரின் ஆயுள் முழுக்க, இறந்த பிறகும் 60 ஆண்டு நிற்கும். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பரிசோதிப்பார்கள், கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ‘காப்புரிமை தானாக வரும்’ என்று எங்கோ படித்துவிட்டு, புதுக் கருவியின் நுட்பத்தை முதலில் யூடியூபில் விளக்கினால், அப்புறம் ‘இது ஏற்கெனவே வெளியானது’ என்று விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். அதனால்தான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: ‘பதிப்புரிமை’ பதிப்பாளரின் உரிமை மாதிரி ஒலிக்கிறதே?

பதில்: நியாயமான குறை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓவியம், புகைப்படம், மென்பொருள் எல்லாம் அடங்கும். அவற்றில் பதிப்பு எங்கே இருக்கிறது? ‘படைப்புரிமை’ எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒப்பந்தத்தில் ஊன்றிப்போன பதிப்புரிமையையே எழுதுங்கள். புத்தகத்தில் ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று அச்சிடுகிறோமே, அதில் சந்தேகமே எழாது.

கேள்வி: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இந்த உரிமைகளுக்கெல்லாம் பொதுப்பெயரான ‘அறிவுசார் சொத்து’ என்ற சொல்லே வேண்டாம் என்கிறாரே?

பதில்: பெரும்பாலும் அவர் பக்கம்தான். என் சைக்கிளை நீங்கள் எடுத்துப் போனால் எனக்குச் சைக்கிள் இல்லை. என் கவிதையை நகலெடுத்தால் கவிதை என்னிடமும் இருக்கும். ‘சொத்து’ என்றதுமே இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அதைவிட, தனித்தனிச் சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் பெரிய தொல்லை. வணிகக்குறியை, அதாவது டிரேட்மார்க்கை, 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், காப்புரிமையை முடியாது. இந்த உரிமைகளை எல்லாம் சேர்த்துக் கையாளும் உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் போன்றவற்றைப் பேசும்போது பொதுச்சொல் தேவை. மற்ற இடத்தில் எந்த உரிமையோ அதன் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: அறிவுசார் சொத்தை இலங்கையில் ‘புலமைச் சொத்து’ என்கிறோம். தவறா?

பதில்: தவறே இல்லை. அங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் ஒன்றே பதிப்புரிமை, காப்புரிமை, வணிகக்குறி எல்லாவற்றையும் கையாள்கிறது. பொதுச்சொல் அங்கே பொருந்துகிறது.

கேள்வி: மதுரை மல்லிக்குக் கிடைத்தது காப்புரிமையா?

பதில்: இல்லை, புவிசார் குறியீடு. அது ஊரின் பெயருக்கான பாதுகாப்பு. மல்லிச் செடியை எந்த ஊரிலும் வளர்க்கலாம். ‘மதுரை மல்லி’ என்று சொல்லி விற்கத்தான் கூடாது.