கர்ட் வானகட் யார்? அவர் நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்?

கர்ட் வானகட் 1922இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் ராணுவத்தில் சேர்ந்தார். 1944 டிசம்பரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார்.

அவரைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே கைதிகளை ஒரு கசாப்புக்கூடத்தில் அடைத்திருந்தார்கள். 1945 பிப்ரவரி 13 இரவு நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டபோது, இறைச்சி வைக்கும் நிலவறைக்குள் இருந்ததால் அவர் பிழைத்தார். வெளியே வந்தால் ஊரே இல்லை. அப்புறம் இடிபாடுகளுக்குள்ளிருந்து பிணங்களை எடுக்கும் வேலையைக் கைதிகள் தலையில் கட்டினார்கள்.

அதை எழுத அவருக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1969இல் வந்த 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' அந்தக் கதைதான். நாயகன் பில்லி பில்கிரிம் காலத்தில் முன்னும் பின்னும் தூக்கியெறியப்படுகிறான். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் 'அப்படித்தான் போகிறது' என்ற பொருளில் ஒரே சின்ன வாக்கியம் வரும். முதலில் சிரிப்பு வரும். ஐம்பதாவது தடவை வரும்போது தொண்டை அடைக்கும்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம், இயந்திரங்கள் மனிதர்களின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் முதல் நாவலான 'பிளேயர் பியானோ'வாக 1952இல் வந்தது. 2007இல் காலமானார்.

சரி, எதை முதலில்? என்னைக் கேட்டால் 1963இல் வந்த 'கேட்ஸ் கிரேடில்'. ஹிரோஷிமாவில் குண்டு விழும் நாளில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விஞ்ஞானி வீட்டில் நூலை விரல்களில் மாட்டி விளையாடிக்கொண்டிருப்பார். அத்தியாயங்கள் ஒன்றிரண்டு பக்கம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.