டிரிப்பரில் வெள்ளைப் பொடி: உரம் போலியா?

கேள்வி: தாராபுரம் பக்கம் இரண்டு ஏக்கரில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகியதால் கால்சியம் நைட்ரேட் விடச் சொன்னார்கள். ஆள் கூலி மிச்சமாகட்டும் என்று 12:61:0 (மோனோ அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தையும் அதே தொட்டியில் சேர்த்துக் கலக்கினேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. இப்போது பாதி டிரிப்பர்களில் சொட்டே இல்லை. உரம் போலியா? அடைப்பை எப்படி எடுப்பது?

பதில்: கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு உரத்திலும் ஒரு கரண்டி எடுத்து, தனித்தனிப் பாட்டிலில் மழைத்தண்ணீரில் கரையுங்கள். இரண்டும் கரைந்து தெளிவாக நின்றால், கோளாறு உரத்தில் இல்லை, இரண்டையும் சேர்த்ததில்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

மணிச்சத்து என்று நாம் சொல்லும் பாஸ்பரஸ், தழைச்சத்தான நைட்ரஜனுக்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள். ஆனால் குணம் வேறு. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் தமக்குள் மூன்று பிணைப்புகளால் இறுகிக்கொண்டு வாயுவாகக் காற்றில் திரியும். பாஸ்பரஸ் அணு பெரியது. அந்த மாதிரி மும்மைப் பிணைப்பு அதற்குச் சரிப்படாது. ஆக்சிஜன்தான் அதற்குப் பிடித்த கூட்டாளி. நான்கு ஆக்சிஜன்கள் நான்கு மூலைகளில் நிற்க, நடுவில் பாஸ்பரஸ்: இதுதான் பாஸ்பேட். வயலில், அநேகமாக எல்லா நேரமும் அது இந்த உருவில்தான் இருக்கும். உங்கள் தொட்டியிலும் மண்ணிலும் இந்தப் பிணைப்பு உடைவதில்லை. வேரும் பாஸ்பேட்டை முழுசாகத்தான் உறிஞ்சுகிறது. (மூட்டையில் உள்ள 61 என்பது ஆக்சைடாகக் கணக்குப் போட்ட எண். 100 கிலோ உரத்தில் தனிப் பாஸ்பரஸ் சுமார் 27 கிலோதான். ஏமாற்று வேலை இல்லை, உரத்துறையின் பழைய வழக்கம்.)

அப்படியானால் வெளுத்தது எது? பாஸ்பேட்டின் வெளி ஆக்சிஜன்களில் மூன்று எதிர்மின்சுமைகள் உண்டு. அவற்றை யார் வந்து பிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தண்ணீர் அமிலப் பக்கம் இருந்தால் இரண்டு இடங்களை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும்; மிச்சம் ஒரு சுமைதான். அந்த நிலையில் கால்சியத்தோடு சேர்ந்தாலும் ஓரளவு நன்றாகக் கரையும். சூப்பர் பாஸ்பேட் கரைவது இதனால்தான். கார அமில நிலை (பிஹெச்) 7.2-ஐத் தாண்டியதும் கதை மாறுகிறது. பெரும்பாலான பாஸ்பேட்டில் ஒரு ஹைட்ரஜன்தான் மிஞ்சும், சுமை இரண்டாகிவிடும். கால்சியத்துக்கும் சுமை இரண்டு. ஒன்றுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டால் பிறகு தண்ணீரால் பிரிக்க முடியாது. அதுதான் உங்கள் வெள்ளைப் பொடி. நாளாக நாளாக அது எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அபடைட் என்ற கனிம வகையை நோக்கி இறுகும்.

12:61:0 தனியாகக் கரைந்தால் அமிலத்தன்மையாகவே இருக்கும். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீர் அந்த அமிலத்தைத் தின்றுவிடும், தன் பங்குக்குக் கால்சியமும் கொடுக்கும். மேலே நீங்கள் கால்சியம் நைட்ரேட்டையும் கெட்டியாகக் கொட்டிவிட்டீர்கள். உரத்துக்கு மூலப்பாறையான ராக் பாஸ்பேட்டும் அபடைட்தான். தொழிற்சாலையில் கந்தக அமிலம் ஊற்றி அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்துத்தான் இந்த உரத்தைச் செய்கிறார்கள். அந்தப் பிரிப்புக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம், அப்புறம் நம் தொட்டியிலேயே திரும்பச் சேர்த்துவிடுகிறோம்.

அடைப்புக்கு வருவோம். அடைத்த டிரிப்பர் ஒன்றைப் பிளந்து பொடியைச் சுரண்டி, அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் தண்ணீரிலிருந்து வந்த சுண்ணாம்பு. நுரைக்காமல் மெல்லக் கரைந்தால் பாஸ்பேட். இரண்டும் கலந்தும் இருக்கலாம். எதுவானாலும் வைத்தியம் அமிலம்தான்: பாஸ்பேட்டுக்குப் பிடுங்கப்பட்ட ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்தால் கால்சியத்தை விட்டுவிடும். நீர்த்த அமிலத்தை வென்சுரி (குழாய்க்குள் உரத்தை உறிஞ்சி விடும் கருவி) வழியாக விட்டு, கடைசி டிரிப்பரில் வரும் தண்ணீரை பிஹெச் தாளில் தொட்டுப் பாருங்கள். 4-க்குக் கீழே வந்ததும் மோட்டாரை நிறுத்தி, இரவு முழுக்க விட்டு, காலையில் பக்கக் குழாய்களின் கடைசி மூடிகளைக் கழற்றி நன்றாக அலசி விடுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாசிக்காக பிளீச்சிங் பவுடர் விடும் பழக்கம் இருந்தால் அதே நேரத்தில் வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பல மாதம் ஊறி இறுகிய டிரிப்பர்கள் இதற்கும் மசியாது, மாற்றிவிடுங்கள்.

இனிமேல் கால்சியம் ஒரு நாள், பாஸ்பேட் வேறொரு நாள். இடையில் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். டிஏபியை (டை அம்மோனியம் பாஸ்பேட்) கரைத்துச் சொட்டுநீரில் விடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அதன் கரைசலே காரப் பக்கம் சாய்ந்தது. எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) 12:61:0-வோடு சேர்க்காதீர்கள், மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் அதுவும் படியும். சந்தேகம் வந்தால், தொட்டியில் விடப்போகும் அதே விகிதத்தில் உரங்களை உங்கள் போர் தண்ணீரில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். கலங்கினால் குழாய்க்குள் விடாதீர்கள்.

மண்ணிலும் இதே பிடிமானம்தான். சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் பிடிக்கும், நீலகிரி போன்ற அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடிக்கும். அதனால் மணிச்சத்து போட்ட இடத்தை விட்டு அதிகம் நகராது. அடியுரத்தை வேர் ஓடும் இடத்திலேயே வையுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் பக்கத்து மண்ணில் கால்சியத்துக்குப் பஞ்சம் அபூர்வம். காயின் அடி அழுகுவது பெரும்பாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விடுவதால்தான். முதலில் தண்ணீரைச் சீராக்குங்கள்; கால்சியம் நைட்ரேட் தேவைப்படாமலே போகலாம்.